நிலப்படமும் திசைப்பெயர்களும்: சிறார்க்குக் கட்டக் குறியெண் கற்பித்தலில் தமிழ்ச் சொல்லாட்சி

1. சிக்கல்

பள்ளிப் பாடநூல்களில் நிலப்படப் பாடம் பெரும்பாலும் ஒரு விதியுடன் தொடங்குகின்றது. படத்தின் மேற்பக்கம் வடக்கு, கீழ்ப்பக்கம் தெற்கு, வலப்பக்கம் கிழக்கு, இடப்பக்கம் மேற்கு என்பதே அவ்விதி. இதனை ஆங்கிலத்தில் கூறும்போது முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை. தாளின் மேற்புறத்தைக் குறிக்கும் சொல்லும் மேற்றிசையைக் குறிக்கும் சொல்லும் அம்மொழியில் தம்முள் தொடர்பற்றவை. தமிழில் நிலைமை வேறு. மேல், கீழ் என்னும் சொற்கள் உயரத்தையும் தாழ்வையும் குறிப்பதோடு, மேற்றிசையையும் கீழ்த்திசையையும் குறிக்கின்றன.

மதுரையின் மேல மாசி வீதி கோயிலுக்கு மேற்கிலும், கீழ மாசி வீதி கிழக்கிலும் அமைந்துள்ளன. திருவரங்கத்து மேலச் சித்திரை வீதி, கீழச் சித்திரை வீதி ஆகியவற்றின் பெயர்களும் இவ்வாறே அமைந்தவை. மேலை நாடு என்பது மேற்கு நாட்டையும், கீழை நாடு என்பது கிழக்கு நாட்டையும் சுட்டும். சென்னையிலுள்ள அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் பெயரில் வரும் 'கீழ்' என்பது தாழ்வை உணர்த்துவதன்று. இவ்வழக்குகளில் வளர்ந்த மாணவர், 'படத்தின் மேற்பக்கம் வடக்கு' என்னும் தொடரைக் கேட்கும்போது, அது 'மேற்குப் பக்கம் வடக்கு' எனவும் பொருள்பட இடமுண்டு. விதி தொடங்கும் இடத்திலேயே இருபொருள் புகுந்துவிடுகின்றது.

நிலப்படத்தில் ஓர் இடத்தைக் கட்டக் குறியெண்ணால் சுட்டுவதில் மாணவர் தடுமாறுவதற்கு, கணக்கறிவுக் குறைவோ வெளியறிவுக் குறைவோ காரணம் எனக் கூறப்படுவதுண்டு. அத்தடுமாற்றத்தில் ஒரு கணிசமான பகுதி பாடத்தின் சொல்லமைப்பால் விளைவது என்பதையும், தமிழ் மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் திசையறிவு நிலப்படத்திற்கு மிகவும் பொருத்தமானது என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது. பாடநூல் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க சில சொல்லாட்சி நெறிகளும் இதில் கூறப்பெறுகின்றன.

சொல்லாட்சி பற்றி முதற்கண் ஒரு குறிப்பு. 'திசைச்சொல்' என்பது தமிழ் இலக்கண மரபில் வேறு பொருளுடைய கலைச்சொல். ஆதலின் வடக்கு, தெற்கு முதலியவை இங்குத் திசைப்பெயர்கள் என்றே சுட்டப்பெறுகின்றன.

2. திசைப்பெயர்களின் அடிப்படை

இந்திய மொழிகளில் திசைப்பெயர்கள் பல்வேறு அடிப்படைகளில் தோன்றியவை. வடமொழியில் பூர்வம் என்பது முன்புறத்தையும், பச்சிமம் என்பது பின்புறத்தையும், தட்சிணம் என்பது வலப்புறத்தையும் குறிக்கும். ஞாயிறு எழும் திசையை நோக்கி நிற்கும் ஒருவரின் உடலே அங்கு அளவுகோல். இந்தி முதலிய வட இந்திய மொழிகள் இப்பெயர்களையோ இவற்றின் திரிபுகளையோ வழங்குகின்றன. கன்னடத்தில் மூடண என்பது கிழக்கையும் படுவண என்பது மேற்கையும் குறிக்கும். எழுதலும் படுதலுமாகிய ஞாயிற்றின் இயக்கமே இவற்றுக்கு அடிப்படை. மலையாளத்தின் படிஞ்ஞாறு என்னும் பெயரும் ஞாயிறு படுதலிலிருந்து பிறந்தது.

தமிழில் கிழக்கு, மேற்கு என்பவை நிலத்தின் சரிவிலிருந்து பிறந்தவை. மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கடலும் அமைந்த நிலத்தில், மேடான திசை மேற்காயிற்று; தாழ்ந்த திசை கிழக்காயிற்று. கிழக்கு என்னும் சொல் தாழ்விடம் என்னும் பொருளிலேயே பழைய நூல்களில் வழங்கியுள்ளது. 488ஆம் திருக்குறளில் அது கீழ்நோக்கி வீழ்தலைக் குறிக்கின்றது. மலையாளத்திலும் கிழக்கு என்னும் பெயரே வழங்குகின்றது. ஆனால், கேரள நிலத்தில் கிழக்கே மலை, மேற்கே கடல். இம்முரணைச் சுட்டிய கால்டுவெல், அப்பெயரைச் சூட்டியவர்கள் மலைத்தொடருக்குக் கிழக்கிலிருந்து சென்றவர்களாதல் வேண்டும் என்று தம் ஒப்பிலக்கண நூலில் வாதிட்டார். பழந்தமிழில் கிழக்கைக் குணக்கு எனவும், மேற்கைக் குடக்கு எனவும் வழங்கும் வழக்கும் இருந்தது. அவ்விணை வழக்கொழிந்து, நிலச் சரிவைச் சார்ந்த இணையே இன்று நிலைத்துள்ளது.

இவ்வொப்பீடு பாடநூல் ஆக்கத்திற்குப் பயனுடையது. வடக்கைத் தாளின் தலைப்பக்கத்தில் வைக்கும் மரபு எல்லா மொழிகளிலும் ஒரே வகையான இடரை உண்டாக்குவதில்லை. கன்னட மாணவருக்கு மூடண, படுவண என்னும் பெயர்கள் தாளின் மேல், கீழ் என்பவற்றோடு மோதுவதில்லை. வடமொழிப் பெயர்களை வழங்கும் மாணவருக்கு முன்புறம் கிழக்கு என்னும் பழைய அமைப்பு ஓரளவு குறுக்கிடக்கூடும். தமிழ் மாணவருக்கு மோதல் நேரடியானது. ஆதலின் ஒரு மொழியில் எழுதப்பெற்ற விதியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பதினான்கு மொழிப் பாடநூல்களிலும் சேர்த்தாலும், அது பதினான்கிலும் ஒரே பாடமாக அமைந்துவிடாது.

தமிழில் இம்மோதலைத் தவிர்ப்பது கடினமன்று. ஏட்டுக்கும் தாளுக்கும் தலை, அடி என்னும் சொற்கள் வழக்கில் உள்ளன. 'படத்தின் தலைப்பக்கம் வடக்கு. அடிப்பக்கம் தெற்கு' என எழுதினால் இருபொருள் நீங்கும். தாளின் பகுதியைக் குறிக்க மேற்பக்கம், கீழ்ப்புறம், மேற்பகுதி போன்ற சொற்களை நிலப்படப் பாடம் முழுவதிலும் விலக்குதல் நன்று. ஓரிடத்தில் விலக்கி மற்றோரிடத்தில் ஆண்டால் குழப்பம் முன்னினும் மிகும்.

3. சிறுவர் கொண்டுவரும் அறிவு

இடத்தைச் சுட்டும் முறைகளை மொழியியலார் வகைப்படுத்துவர். அவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. பேசுவோரின் உடலை அளவாகக் கொண்டு இடம், வலம், முன், பின் எனக் கூறுதல் ஒன்று. உடல் எப்பக்கம் திரும்பினும் மாறாத வடக்கு, தெற்கு முதலிய நிலைத்த திசைகளால் கூறுதல் மற்றொன்று. ஆஸ்திரேலியாவின் கூகு இமிதிர் மொழியினர் கைக்கெட்டும் பொருளின் இடத்தையும் நிலைத்த திசையாலேயே கூறுவர் என்பது இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்பெறும் செய்தி.

தமிழ்நாட்டுச் சிற்றூர் வழக்கும் இதற்குச் சான்றாகும். 'தெற்கால தள்ளி உட்கார்', 'குடத்தைக் கிழக்கால நகர்த்து' என்னும் தொடர்களைச் சிற்றூர்களில் கேட்கலாம். எரிக் பெடர்சன் தமிழர் பேச்சை ஆராய்ந்து 1993இலும் 1995இலும் வெளியிட்ட கட்டுரைகளில், தமிழ் பேசுவோருள் ஒரு சாரார், குறிப்பாகச் சிற்றூர் மக்கள், நிலைத்த திசைகளையும், மற்றொரு சாரார், குறிப்பாக நகர மக்கள், இடம், வலம் என்பவற்றையும் மிகுதியாக ஆள்வதை எடுத்துக்காட்டினார். பெடர்சனும் பிறரும் 1998இல் வெளியிட்ட ஒப்பாய்வில் தமிழும் இடம்பெற்றது. ஒரு மேசைமேல் வரிசையாக வைத்த பொம்மை விலங்குகளை நினைவிற்கொண்டு, எதிர்ப்புறம் திரும்பி, வேறொரு மேசைமேல் அவ்வரிசையை மீண்டும் அமைப்பது அவ்வாய்வின் சோதனைகளுள் ஒன்று. நிலைத்த திசைகளை ஆளும் மொழியினர் திசை மாறாதவாறும், இடம், வலம் ஆளும் மொழியினர் உடலுக்கேற்றவாறும் பொம்மைகளை அமைக்கும் போக்குடையவர் என அவ்வாய்வு கூறிற்று. இவ்வேறுபாட்டிற்கு மொழியைக் காட்டிலும் சோதனை நிகழும் சூழலே காரணம் என லி, கிளெய்ட்மன் ஆகியோர் 2002இல் மறுத்தனர். வாரணாசிப் பகுதியிலும் பிற இடங்களிலும் சிறுவரிடையே டாசன், மிஸ்ரா ஆகியோர் நெடுங்காலம் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட நூல், நிலைத்த திசைகளைக் கையாளும் திறன் சிறுவரிடையே வளரும் முறையை விரிவாகக் காட்டுகின்றது.

காரணம் எதுவாயினும், கற்பிப்போருக்கு ஒரு செய்தி தெளிவு. நிலப்படம் என்பது நிலைத்த திசைகளால் அமைந்த கருவி. அதில் இடம், வலம் என்பவை தாளுக்கு உரியவையேயன்றி நிலத்திற்கு உரியவையல்ல. பேச்சில் நிலைத்த திசைகளை ஆளும் சிறுவர், நிலப்படத்தின் அடிப்படைக் கருத்தை முன்னரே பெற்றுள்ளனர். ஆயினும் பாடநூல்கள் பெரும்பாலும் எதிர்த்திசையில் செல்கின்றன. முதலில் இடம், வலம். பின்னர் அவற்றின் வழியே கிழக்கு, மேற்கு. இதனால் சிற்றூர் மாணவர் தாம் அறிந்ததை விடுத்து, நன்கு பழகாத ஒன்றின் வழியே, அறிந்த இடத்துக்கே மீண்டும் வர நேர்கின்றது. அவர்தம் அறிவு அறியாமையாக எண்ணப்பெறுவதே இதில் நேரும் பெரும் இழப்பு.

4. வேற்றுமை உருபும் எல்லைக் கூற்றும்

ஓரிடத்தை மற்றோரிடத்தோடு தொடர்புபடுத்திக் கூறுகையில் வேற்றுமை உருபு பொருளை மாற்றும். 'சென்னை தமிழ்நாட்டின் வடக்கில் உள்ளது', 'ஆந்திரப் பிரதேசம் தமிழ்நாட்டுக்கு வடக்கே உள்ளது' என்னும் இரு தொடர்களை நோக்குக. முன்னது ஆறாம் வேற்றுமையோடும் இடப்பொருளுருபோடும் வந்து, எல்லைக்கு உட்பட்ட பகுதியைக் குறிக்கின்றது. பின்னது நான்காம் வேற்றுமையோடு வந்து, எல்லைக்கு அப்பாற்பட்ட இடத்தைக் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் முன்னிடைச் சொற்களால் உணர்த்தப்பெறும் இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் பலர் கைவிடுகின்றனர். 'பள்ளியின் வடக்கில் குளம் உள்ளது' என்று எழுதினால், குளம் பள்ளி வளாகத்திற்குள் இருப்பதாகவும் கொள்ளலாம். வெளியே இருப்பதாகவும் கொள்ளலாம். 'பள்ளிக்கு வடக்கே குளம் உள்ளது' என்பதில் ஐயம் இல்லை. நிலப்படப் பயிற்சி வினாக்களில் இவ்விரு வடிவங்களையும் வேறுபடுத்தி ஆள்வது இன்றியமையாதது.

நான்காம் வேற்றுமை அமைப்பு தமிழ் ஆவண மரபில் ஆழ வேரூன்றியது. நிலப் பத்திரங்களில் நான்கெல்லை கூறும்போது 'ஏரிக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு' என எழுதுவர். விற்கப்பெறும் நிலம் ஏரிக்கு மேற்கே உள்ளது என்பது பொருள். அஃதாவது ஏரி நிலத்தின் கிழக்கெல்லையாகும். ஆங்கிலப் பத்திரங்களிலோ நிலத்தின் கிழக்குப் பக்கத்தை முதலில் கூறி, அங்கு ஏரி உள்ளதென எழுதும் வழக்கமே மிகுதி. ஒன்றில் அண்டைப் பொருள் அளவு. மற்றொன்றில் நிலமே அளவு. இவ்வேறுபாட்டை உணராது பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் திசையைத் தலைகீழாக்கிவிடக்கூடும். எல்லை வழக்குகளில் இத்தகைய பிழை ஒரு குடும்பத்தின் நிலத்தையே பாதிக்கும்.

சோழர் காலச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் இவ்விரு நோக்கையும் ஒருங்கே பதிவு செய்யும் வாய்பாட்டைக் கையாண்டன. கீழ்பாற்கெல்லை இன்ன இடத்துக்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்ன இடத்துக்கு வடக்கும் என அது அமையும். நிலத்தின் எப்பக்கம் என்பதும், அப்பக்கத்திலுள்ள அடையாளத்திலிருந்து நிலம் எத்திசையில் உள்ளது என்பதும் ஒரே தொடரில் வந்துவிடுகின்றன. படிப்போர் எந்நோக்கில் படித்தாலும் பிழை நேராது.

வகுப்பறைக்கு இம்மரபு நல்ல பயிற்சிப் பொருளாகும். 'ஏரிக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, பனந்தோப்புக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு' என்னும் நான்கெல்லையைக் கொடுத்து, அந்நிலத்தையும் சுற்றியுள்ளவற்றையும் வரையச் சொல்லலாம். ஏரியைப் படத்தின் வலப்பக்கத்திலும், வண்டிப்பாதையை அடிப்பக்கத்திலும், தோப்பை இடப்பக்கத்திலும், வாய்க்காலைத் தலைப்பக்கத்திலும் வரையும் மாணவர், திசைக்கும் தாளுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொண்டவராவர். பெற்றோரின் பத்திரத்தில் உள்ள மொழி பள்ளியின் மொழியாகவும் அமைவது இதன் தனிச்சிறப்பு.

5. கட்டமும் குறியெண்ணும்

நிலப்படத்தின் மேல் சம இடைவெளியில் நெடுக்காகவும் குறுக்காகவும் வரையப்பெற்ற கோடுகள் சதுரங்களை உண்டாக்குகின்றன. நெடுக்குக் கோடுகளுக்குரிய எண்கள் கிழக்கு நோக்கி ஏறிச் செல்லும். குறுக்குக் கோடுகளுக்குரிய எண்கள் வடக்கு நோக்கி ஏறிச் செல்லும். ஆங்கில மரபில் முன்னவை ஈஸ்டிங் எனவும், பின்னவை நார்த்திங் எனவும் பெயர் பெறும். இப்பெயர்களைக் கிழக்குக் கோடு, வடக்குக் கோடு எனப் பெயர்ப்பது இடருக்கு வழிகோலும். 'கிழக்குக் கோடு' எனப்படுவது வடக்குத் தெற்காக ஓடும் கோடு. அதன் எண்தான் கிழக்கு நோக்கிய தொலைவை அளக்கின்றது. கோடு ஓடும் திசையும் எண் ஏறும் திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. ஆதலின் கோட்டுக்குப் பெயரிடாமல் எண்ணுக்குப் பெயரிட்டுக் கிழக்கெண், வடக்கெண் என வழங்குதல் தெளிவுடையது.

'கட்டம்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. பேச்சு வழக்கில் அது தனிச் சதுரத்தையும் குறிக்கும். சதுரங்களின் முழு வலையையும் குறிக்கும். ஒரு பணியின் படிநிலையையும் குறிக்கும். சாதகத்தின் இராசிக்கட்டத்தால் சிறுவரும் இச்சொல்லை அறிவர். பாடநூலில் சதுரத்தைக் கட்டம் எனவும், முழு வலையைக் கட்டவலை எனவும், சுட்டும் எண்ணைக் கட்டக் குறியெண் எனவும் பிரித்து வழங்கலாம். நூல்களில் சான்று காட்டுவதைக் குறிக்கும் 'மேற்கோள்' என்னும் சொல் இங்குப் பொருந்தாது.

நான்கிலக்கக் குறியெண் 3472 எனக் கொள்வோம். முதலிரண்டு இலக்கங்களாகிய 34 கிழக்கெண். அடுத்த இரண்டாகிய 72 வடக்கெண். 34ஆம் நெடுக்குக் கோடும் 72ஆம் குறுக்குக் கோடும் வெட்டும் புள்ளியைத் தென்மேற்கு மூலையாக உடைய சதுரத்தை இது சுட்டும். சதுரத்திற்கு நான்கு மூலைகள் இருக்கத் தென்மேற்கு மூலை மட்டும் ஏன் பெயர் தருகின்றது என்பது மாணவர் எழுப்பும் இயல்பான வினா. எண்கள் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தொடங்குவதால், ஒரு சதுரத்துக்குள் நுழையும்போது முதலில் கடக்கும் கோடுகள் அம்மூலையில் சந்திக்கின்றன என்பதே விடை. மனை நூல் வழக்கில் தென்மேற்கு மூலையைக் கன்னி மூலை என்பர். வீடு கட்டும்போது பெரியோர் கூறக் கேட்ட இச்சொல், அவ்விதியை நினைவிலிருத்தத் துணைசெய்யும்.

ஆறிலக்கக் குறியெண்ணில் ஒவ்வொரு சதுரமும் இருபுறமும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பெறும். 346725 என்பதில் 34ஆம் கோட்டிலிருந்து பத்தில் ஆறு பங்கு கிழக்கேயும், 72ஆம் கோட்டிலிருந்து பத்தில் ஐந்து பங்கு வடக்கேயும் செல்ல வேண்டும். சதுரத்தின் பக்கம் ஒரு கிலோமீட்டராயின், ஒவ்வொரு பங்கும் 100 மீட்டர். இங்கு எண்ணை வாசிக்கும் முறை பாடத்தின் ஒரு பகுதியாகின்றது. மூன்று இலட்சத்து நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று இருபத்தைந்து என வாசிக்கும் மாணவர் குறியெண்ணின் அமைப்பை இழந்துவிடுவர். 'முப்பத்து நான்கு ஆறு, எழுபத்திரண்டு ஐந்து' என இடைநிறுத்தி வாசித்தல் வேண்டும். கால், அரை, முக்கால் எனக் கண்ணால் மதிப்பிடும் பழக்கம் தமிழ் வழக்கில் வலிமையானது. கோட்டிலிருந்து அரைத் தொலைவு எனில் 5 எனவும், முக்கால் எனில் 7க்கும் 8க்கும் இடை எனவும் மாற்றிக்கொள்ளப் பழக்கினால், பத்தின் பங்குகள் எளிதில் கைவரும்.

எண்களின் முன்பின் வரிசையே மிகுதியான பிழைகளுக்கு இடமாவது. 3472ஐ 7234 எனக் கூறினால் வேறோர் இடம் சுட்டப்பெறும். மாணவர் பிற இடங்களில் பழகும் வரிசைகள் ஒத்திருப்பதில்லை. வடகிழக்கு, தென்மேற்கு எனத் திசைப்பெயர்கள் புணரும்போது வடக்கும் தெற்குமே முன்னிற்கும். நன்னூல் திசைப்பெயர்ப் புணர்ச்சிக்குத் தனி விதி வகுத்துள்ளது. உலகில் ஓரிடத்தைச் சுட்டுகையில் வடக்கு தெற்கு அளவாகிய அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையைப் பின்னரும் கூறுவது மரபு. திரையரங்கில் வரிசை எழுத்து முன்னும் இருக்கை எண் பின்னும் வரும். இவையாவும் கட்டக் குறியெண்ணுக்கு மாறானவை. சதுரங்க ஆட்டத்தின் குறிப்பு முறை மட்டும் இதனை ஒத்தது. அதில் நெடுக்கு வரிசையின் எழுத்து முன்னும், குறுக்கு வரிசையின் எண் பின்னும் வரும். சதுரங்கம் ஆடும் சிறுவருக்கு இவ்வொப்புமையைச் சுட்டுதல் பயன்தரும்.

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் எண் முறை வேறொரு வரிசையை உடையது. நான்கு பாகை அகலமும் நான்கு பாகை உயரமும் உடைய பகுதிக்கு ஓர் எண். அது பதினாறாகப் பகுக்கப்பெற்று ஏ முதல் பி வரையிலான பதினாறு ஆங்கில எழுத்துகளைப் பெறும். ஒவ்வொன்றும் மீண்டும் பதினாறாகப் பகுக்கப்பெற்று 1 முதல் 16 வரை எண் பெறும். மைசூர் நகரம் 57 டி/11 என்னும் தாளில் அமைகின்றது. எழுத்துகளும் எண்களும் வடமேற்கு மூலையில் தொடங்கித் தெற்கு நோக்கி இறங்கி, அடுத்த நெடுக்கு வரிசைக்குச் செல்கின்றன. இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய மாணவர் இதனைப் பக்கவாட்டில் எண்ணிவிடுவர். தாள் எண்ணும் கட்டக் குறியெண்ணும் தொடங்கும் மூலைகளே வேறு என்பதைப் பாடநூல் வெளிப்படையாகக் கூற வேண்டும். இந்தியப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு மன்றத்தின் பத்தாம் வகுப்புப் புவியியல் தேர்வில் நான்கிலக்க, ஆறிலக்கக் குறியெண்கள் கேட்கப்பெறுவதால், இவ்வேறுபாடு மதிப்பெண்ணையும் சார்ந்ததாகின்றது.

6. பெயர்க்க இயலாத கூற்றுகள்

நிலப்படப் பயிற்சி நூல்களில் பல இங்கிலாந்து நாட்டுப் பள்ளிச் சூழலில் எழுதப்பெற்றவை. எட்டுத் திசைகளையும், நான்கிலக்க, ஆறிலக்கக் குறியெண்களையும் தொடக்கப்பள்ளியின் பிற்பகுதி வகுப்புகளில் கற்பிக்க வேண்டும் என அந்நாட்டுத் தேசியப் பாடத்திட்டம் 2013இல் வகுத்தது. அந்நூல்களில் உள்ள சில கூற்றுகள் சொல்லளவில் பெயர்க்கத்தக்கவையாயினும் பொருளளவில் இங்குப் பொருந்தாதவை.

நண்பகல் நிழல் வடக்கு நோக்கி விழும் என்பது அவற்றுள் ஒன்று. இங்கிலாந்தில் இஃது ஆண்டு முழுவதும் உண்மை. சென்னையிலோ ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் ஞாயிறு உச்சிக்கு வடக்கே செல்வதால் நிழல் தெற்கு நோக்கி விழும். கன்னியாகுமரியில் இக்காலம் மேலும் நீளும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், பாடநூலை நம்பி நிழலைப் பார்க்கும் மாணவர் வடக்கைத் தெற்கெனக் கொள்வர்.

ஞாயிறு எழும் இடமே கிழக்கு என்னும் கூற்றும் வரையறைக்கு உட்பட்டது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநோக்கு நாள்களை ஒட்டியே ஞாயிறு நேர்கிழக்கில் எழும். சென்னையில் ஜூன், டிசம்பர் மாதங்களில் அவ்விடம் நேர்கிழக்கிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ ஏறத்தாழ 24 பாகை விலகும். 'ஞாயிறு எழும் பக்கம் கிழக்கு' என்பது தொடக்கத்திற்குப் போதும். கட்டத்தில் துல்லியமாக அளக்கும் வகுப்புக்குத் திசைகாட்டி வேண்டும்.

நினைவுத் தொடர்கள் மூன்றாம் வகை. நான்கு திசைகளின் முதலெழுத்துகளால் அமைந்த ஆங்கில வேடிக்கைத் தொடர்கள் தமிழில் பயனற்றவை. முதலில் நடைக்கூடத்தில் நடந்து பின் படியேற வேண்டும் என்னும் தொடரின் கருத்து மட்டும் கொள்ளத்தக்கது. ஆயினும், படியேறுதல் தமிழில் மீண்டும் 'மேல்' என்னும் சொல்லை நினைவூட்டும். 'கிழக்கே நட, வடக்கே திரும்பு' என நேராகவே கூறுவது குறியெண்ணின் வரிசையையும் திசையையும் ஒருங்கே உணர்த்தும்.

7. கற்பிக்கும் வரிசை

மேற்கூறியவற்றைக் கருதும்போது, தமிழ் மாணவருக்கு ஏற்ற பாடவரிசை ஒன்று புலனாகின்றது. முதலில் வகுப்பறையின் நான்கு சுவர்களுக்கும் திசைப்பெயர் எழுதி ஒட்டி, பொருள்களின் இடத்தை மாணவர் வீட்டு வழக்கிலேயே கூறச் செய்தல். அடுத்து, வகுப்பறையின் படத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கு உண்மை வடக்கை நோக்குமாறு திருப்பி வைத்தல். இந்நிலையில் தாளின் தலை, அடி பற்றிய பேச்சே எழாது. படத்திலுள்ள கிழக்கும் நிலத்திலுள்ள கிழக்கும் ஒன்றேயாகும்.

அதன் பின்னரே படத்தைச் சுவருக்கு உயர்த்துதல் வேண்டும். அச்சுவர் வகுப்பறையின் வடக்குச் சுவராக இருத்தல் நன்று. வடக்குச் சுவரை நோக்கி நிற்பவருக்குப் படத்தின் வலப்பக்கமும் உண்மைக் கிழக்கும் ஒருபுறமே அமையும். தெற்குச் சுவரில் மாட்டினால் படத்தின் கிழக்கு உண்மை மேற்கைச் சுட்டும். நிலைத்த திசைகளில் சிந்திக்கும் மாணவருக்கு அது பெருங்குழப்பம் தரும். அவர் 'படம் தவறு' எனக் கூறினால், அவர் நிலையில் அக்கூற்று முற்றிலும் சரியே. இப்பயிற்சிக்குப் பின் சுவர் மாறினும் தாள் திரும்பினும் திசை கண்டுகொள்ளப் பழக்கலாம்.

கட்டங்களைப் பொறுத்தவரை, சதுரத்தை எழுத்தாலும் எண்ணாலும் சுட்டுதல், கோடுகளுக்கு எண்ணிடுதல், நான்கிலக்கக் குறியெண், ஆறிலக்கக் குறியெண் என்னும் வரிசை ஏற்புடையது. முதற்படியில் சதுரம் பெயர் பெறுகின்றது. இரண்டாம் படியில் கோடு எண் பெறுகின்றது. இம்மாற்றம் மாணவர் அறியாமல் நிகழ்ந்துவிடுவதே பின்வரும் பிழைகளுக்கு வித்து. ஆதலின் எண் சதுரத்தின் நடுவில் இல்லை, கோட்டின் முனையில் உள்ளது என்பதைத் தனிப் பாடமாகவே வைத்தல் தகும்.

8. முடிவுரை

தாளின் பகுதிகளுக்குத் தலை, அடி என்னும் சொற்களை ஆளுதல். எல்லைக்கு உட்பட்டதற்கும் அப்பாற்பட்டதற்கும் வேற்றுமை உருபுகளைப் பிரித்து வழங்குதல். கோட்டுக்கன்றி எண்ணுக்குக் கிழக்கெண், வடக்கெண் எனப் பெயரிடுதல். பிற மண்ணுக்குரிய நிழல், நினைவுத்தொடர் முதலியவற்றை விலக்குதல் ஆகிய நான்கும் பாடநூல் மொழிபெயர்ப்பில் உடனடியாகக் கைக்கொள்ளத்தக்கவை. இவற்றுக்குப் புதிய கருவியோ பெரும் பொருட்செலவோ தேவையில்லை; பெயர்க்கப்பெறும் தொடரை ஒரு சிற்றூர் மாணவரின் செவியால் ஒருமுறை கேட்டுப் பார்த்தல் போதும். வடக்கு எது எனக் கேட்டவுடன் கைநீட்டிக் காட்டும் மாணவர், தேர்வுத்தாளில் அதனைக் காட்டத் தவறுவாராயின், முதலில் ஆராயப்பெற வேண்டியது அவர்தம் அறிவன்று, அவ்வினாத்தாளின் மொழியே.